எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு மருந்து: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"பொன்ஸ்டானுக்கு என் வலி கேட்பதில்லை" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த வலி மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். தாங்க முடியாமல் சுருண்டு படுத்த பிறகு என்பார்கள். வெறும் வயிற்றிலா என்றால், ஆமாம், குமட்டலில் எதுவும் இறங்கவில்லை என்பார்கள். ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களிடம் வேறு கதை இருக்கும்: இரண்டாம் மாதம் திட்டுத் திட்டாக இரத்தம் பட்டது, பயந்து நிறுத்திவிட்டேன்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மருந்தாளராக வேலை செய்கிறேன். எண்டோமெட்ரியோசிஸ் மருந்துகள் எல்லாருக்கும் பலன் தருவதில்லை. ஆனால் பலன் கிடைத்திருக்க வேண்டிய பலருக்கு அது கிடைக்காமல் போவதற்குக் காரணம், வலி மாத்திரையைத் தாமதமாகத் தொடங்குவதும் ஹார்மோன் மாத்திரையை அவசரப்பட்டு நிறுத்துவதும்தான். உங்களுடைய மற்ற நோய்களும் மருந்துகளும் எனக்குத் தெரியாது. ஆகவே கீழே வரும் அளவுகளை உங்கள் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ ஒருமுறை சரிபார்த்த பிறகே பின்பற்றுங்கள்.

எதற்கு மருந்து சாப்பிடுகிறோம்

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சூலகத்தின் மீது, கருப்பைக்குப் பின்னால், குடலின் மேல், சிறுநீர்ப்பையின் மேல் என்று எங்கு வேண்டுமானாலும் அது ஒட்டிக்கொள்ளலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அதற்குத் தீனி. மாதந்தோறும் அங்கே அழற்சி ஏற்படுகிறது, தழும்பு விழுகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால் அதைத்தான் நம் ஊரில் எல்லாரும் சாக்லேட் சிஸ்ட் என்கிறார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படியென்றால் உங்கள் குடும்பத்துப் பெண்களில் இன்னொருவருக்கும் இது இருக்கக்கூடும். பெரியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மருந்துகள் இரண்டு பக்கத்திலிருந்து வேலை செய்கின்றன. வலி மாத்திரை, வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உண்டாவதைத் தடுக்கிறது. ஹார்மோன் மருந்து, அந்தத் திசுவுக்குக் கிடைக்கும் தீனியைக் குறைக்கிறது அல்லது திசுவையே அடங்கிக் கிடக்க வைக்கிறது. இரண்டுமே நோயை வேரோடு எடுப்பதில்லை. நிறுத்தினால் வலி திரும்பலாம். இதை முதல் நாளே தெரிந்துகொண்டால், "எத்தனை நாளைக்கு இதைச் சாப்பிடுவது" என்ற கேள்வி அவ்வளவு கசக்காது.

முதல் வேலை: எழுதி வைப்பது

டாக்டரைப் பார்க்கும் முன் குறைந்தது இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக்குக் குறிப்பு எழுதுங்கள். கைப்பேசிச் செயலி நல்லதுதான். ஆனால் டாக்டரின் மேசைமேல் விரித்து வைக்க முடிகிற ஒரு தாள் அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். என்னிடம் ஒரு பெண் காட்டிய தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: "செவ்வாய், இரண்டாம் நாள். காலை 5 மணி, வலி பத்துக்கு 8. மைலோ, இரண்டு பிஸ்கட், பொன்ஸ்டான் 500. 6.30க்கு வலி 5. மலம் கழிக்கும்போது குத்தல். வேலைக்குப் போகவில்லை." அந்த ஒரு வரியில் நேரம், அளவு, பலன், குடல் அறிகுறி, இழந்த வேலைநாள் என்று ஐந்து தகவல் இருக்கிறது. மாதவிடாய் இல்லாத நாளில் வலி வந்தாலும் எழுதுங்கள். உடலுறவின்போது வலி இருந்தால் அதையும் எழுதுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாள் சொல்லட்டும்.

"மாதவிடாய் வலி" என்று மட்டும் சொன்னால் கோப்பில் அந்த ஒரு சொல்தான் விழும். மலம் கழிக்கும்போது வலி, சிறுநீர் கழிக்கும்போது வலி, மாதவிடாய் நாட்களில் மட்டும் மலத்தில் இரத்தம், அதே நாட்களில் வலது தோளில் வலி ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் டாக்டரை வேறு வேறு இடத்தில் தேடச் செய்யும்.

எந்தக் கதவைத் தட்டுவது

குடிமக்களுக்கு மலிவான வழி அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான். வருகைக்கு ஒரு ரிங்கிட். அங்கே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மலாயில் சூராட் ருஜுக்கான். அந்தக் கடிதத்தோடு போனால் அரசாங்க மருத்துவமனையின் பெண்கள் நோய்ச் சிறப்புக் கிளினிக்கில் கட்டணம் ஐந்து ரிங்கிட்தான், மருந்தும் அதிலேயே அடங்கும். கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனையை ஒட்டி, ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிஸில் உள்ள துங்கு அசிசா மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் பல்கலைக்கழக மருத்துவமனைகள் என்பதால் அவற்றின் கட்டண முறை வேறு. பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்கு மருத்துவமனை, பெருநிலத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் ஜெயா. வேலை அனுமதியில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருப்பவர்கள் அரசாங்க மருத்துவமனையிலும் பல மடங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும். அவர்கள் தனியார் கிளினிக்கின் கட்டணத்தையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாள் தள்ளித்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் சும்மா இருக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லாப்ரோஸ்கோப்பி செய்தால்தான் நோய் உறுதி என்பார்கள். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் அந்த நிலையை மாற்றிவிட்டன. அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், மருந்தும் பலிக்காதபோது லாப்ரோஸ்கோப்பியைப் பற்றி யோசித்தால் போதும். ஸ்கேன் சுத்தமாக வந்ததால் நோயே இல்லை என்று யாராவது சொன்னால், அடங்கிவிடாதீர்கள்.

மணமாகாத பெண்களின் அம்மாமார்களுக்கு ஒரு செய்தி. பெண்ணுறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல உங்கள் மகளுக்கு உரிமை உண்டு. வயிற்றின் மேலிருந்தோ ஆசனவாய் வழியாகவோ செய்யலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஸ்கேனுக்குப் பயந்து டாக்டரிடமே போகாமல் இருப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கொடுமை. "கல்யாணமானால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும்" என்று வீட்டில் சொல்வதற்கும் மருத்துவத்தில் இடமில்லை. வலிக்கு மருந்தாகக் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக்கூடாது என்று மேலே சொன்ன நெறிகளே கூறுகின்றன.

வலி மாத்திரை: கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது

மெஃபனாமிக் அமிலம், நம்மவர்கள் பொன்ஸ்டான் என்று அழைப்பது. நாப்ராக்சன், கடையில் சின்ஃப்ளெக்ஸ் என்று கேட்பது. ஐபுப்ரோஃபென். டைக்ளோஃபெனாக். இவையெல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் எது உயர்ந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு வராது. ஒன்றை முழு அளவில், சரியான நேரத்தில், இரண்டு மூன்று மாதவிடாய்க்கு எடுத்துப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

சரியான நேரம் என்பது வலி உச்சத்துக்கு ஏறும் முன். இந்த மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றனவே தவிர, ஏற்கெனவே உண்டாகிப் பரவிவிட்டதைத் துடைத்து எடுப்பதில்லை. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைக்கும் கதைதான். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள் வரவேண்டிய நாளுக்கு முதல் நாளே தொடங்கலாம். ஒழுங்கில்லாதவர்கள் முதல் துளியையோ முதல் இழுப்பையோ கண்டதும் தொடங்கலாம். பிறகு முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு, வலி இருக்கிறதோ இல்லையோ, நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். மெஃபனாமிக் அமிலம் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 500 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டோடு. ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டியிருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

சாப்பாடு என்றால் முழுச் சோறாக இருக்க வேண்டியதில்லை. குமட்டுகிறவர்கள் ஒரு குவளை மைலோ, இரண்டு ரொட்டித் துண்டு, கொஞ்சம் கஞ்சி என்று ஏதாவது உள்ளே அனுப்பினால் போதும். வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூச விரதம் இருப்பவர்கள் அந்த நாளில் வலி வந்தால் விரதத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், இரைப்பை கோபித்துக்கொள்ளும். இன்னொன்று, பலர் கேட்கத் தயங்குவது: 250 மி.கி. கேப்சூலின் மேலுறை ஜெலட்டினால் ஆனது. இங்கே அது பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்தது. வேண்டாம் என்பவர்கள் 500 மி.கி. மாத்திரை வடிவத்தைக் கேளுங்கள். மருந்தாளர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்.

யார் இந்தக் குடும்பத்து மாத்திரைகளைத் தொடக்கூடாது? இரைப்பைப் புண் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரினோ இதே வகை மாத்திரையோ எடுத்தால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமாக்காரர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள். டாக்டர் வேறு மாதிரிச் சொன்னாலொழிய விலகியே இருங்கள். "கேஸ்டிரிக் இருக்கிறது" என்று மட்டும் சொல்பவர்களுக்கு வழி உண்டு. இரைப்பையைக் காக்கும் ஒமிப்ரஸோல் சேர்த்துத் தரலாம், அல்லது இரைப்பையை அதிகம் தொல்லைப்படுத்தாத செலிகோக்சிப் போன்றதை டாக்டர் எழுதலாம். பிள்ளைக்கு முயற்சி செய்பவர்கள் அதையும் சொல்லுங்கள். சினைமுட்டை வெளிவரும் நாட்களில் இந்த மாத்திரைகள் அதைத் தள்ளிப்போடக்கூடும்.

டிங்கியை மறக்கக்கூடாது. இந்த ஊரில் காய்ச்சல் என்றாலே முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். மாதவிடாய் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் பொன்ஸ்டான், நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென் எதுவும் வேண்டாம். டிங்கியில் இரத்தக் கசிவை இவை கூட்டும். டிங்கி இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொல்லும்வரை பாராசிட்டமோல் மட்டும்.

பாராசிட்டமோல் தனியாக எண்டோமெட்ரியோசிஸ் வலிக்குப் போதாது. ஆனால் நல்ல துணை. மேலே சொன்ன ஏதாவது ஒன்றோடு அதைச் சேர்த்து எடுக்கலாம். 500 மி.கி. மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டாமல். சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், கணக்கில் சேருங்கள். ஆனால் பொன்ஸ்டானோடு நாப்ராக்சன், நாப்ராக்சனோடு ஐபுப்ரோஃபென் என்று ஒரே குடும்பத்தில் இரண்டை ஒன்றாகச் சாப்பிடாதீர்கள். பலன் கூடாது, இரைப்பையும் சிறுநீரகமும்தான் அடி வாங்கும். அலுவலகத் தோழி தந்த மாத்திரை என்ன குடும்பம் என்று தெரியாமல் விழுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிராமடோல் பற்றி ஒரு வார்த்தை. கடும் வலிக்கு ஓரிரு நாள் டாக்டர் தரலாம். மாதாமாதம் அதை நம்பி ஓட்டினால் மலச்சிக்கல் வரும், குடலில் நோய் உள்ளவர்களுக்கு அதுவே புது வலி. பழக்கமாகிப் போகும் ஆபத்தும் உண்டு. மாதாமாதம் அது தேவைப்படுகிறது என்றால் ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். மருந்தோடு சேர்ந்து நன்றாக உதவுகிறது. துணியைச் சுற்றி வையுங்கள். வயிற்றில் வலைப்பின்னல் போலப் பழுப்பு நிறத் தடம் விழுந்திருந்தால் சூடு அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள்.

ஹார்மோன் மருந்து: வீட்டில் என்ன சொல்வது

"என் மகளுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை எழுதியிருக்கிறார்களே, அவள் கல்யாணமாகாதவள்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் ஓர் அம்மா. மகள் சற்றுத் தள்ளி, வைட்டமின் அலமாரியைப் படிப்பது போல நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது இதுதான்: அம்மா, இந்த மாத்திரை சூலகத்துக்கு ஓய்வு கொடுக்கிறது. மாதவிடாய் லேசாகும் அல்லது நிற்கும், அதனால் வலி குறையும். பின்னால் பிள்ளை பெறும் திறனை இது கெடுக்காது. நிறுத்தினால் சுழற்சி திரும்பிவிடும். அம்மா மகளைக் கூப்பிட்டு, என்ன நேரத்தில் சாப்பிடுவது என்று அவளையே கேட்கச் சொன்னார்.

அந்தக் கலப்பு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் இருக்கும். வலிக்காக எடுப்பவர்கள் ஏழு நாள் இடைவெளி விடாமல் அட்டைக்கு மேல் அட்டை தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரத்தப்போக்கு இல்லையென்றால் அந்த வலியும் இல்லை. "அழுக்கு இரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா" என்று பாட்டிமார் கேட்பார்கள். உட்சவ்வு வளராதபோது வெளியே வர ஒன்றுமில்லை. ஆனால் ஒளிப்பொட்டு, மின்னல் கோடு தெரிந்த பிறகு தலைவலிக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், இரத்தக்கட்டு வந்தவர்கள், உயர் இரத்த அழுத்தக்காரர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள் கலப்பு மாத்திரையைத் தொடக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் அவர்களுக்குப் பக்கவாத, இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும். மருந்து கேட்கும்போது இதை மறைக்காதீர்கள்.

அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இப்போது சிறப்பு மருத்துவர்கள் அதிகம் எழுதுவது டையனோஜெஸ்ட், கடையில் விசான் என்ற பெயரில் பலர் கேட்பது. இதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. 2 மி.கி. மாத்திரை, நாளுக்கு ஒன்று, ஒரே நேரத்தில், இடைவெளியே இல்லாமல். உணவோடும் எடுக்கலாம், உணவில்லாமலும் எடுக்கலாம். தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கர்ப்பத்தடையாக நம்பக்கூடாது. அதற்கு ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழி வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் ஒன்று, மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று. இரண்டாகச் சேர்த்து விழுங்கவேண்டாம். சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். அட்டையின் பின்புறம் மார்க்கர் பேனாவால் தொடக்கத் தேதியை எழுதி வைக்கச் சொல்வேன். மறந்த நாள் எது என்ற சண்டை அதோடு தீரும்.

நோரெத்திஸ்டெரோன், பிரிமோலுட் என்றால் பலருக்குத் தெரியும். கோயிலுக்குப் போவதற்கும் கல்யாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் வாங்குவது இதைத்தான். தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். தள்ளிப்போட எடுப்பது 5 மி.கி., மூன்று வேளை, வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து. எண்டோமெட்ரியோசிஸுக்கு அதே மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் மாதக்கணக்கில் தொடர்வார்கள். மலிவானது, பழையது, வேலை செய்கிறது. முகப்பரு, உப்புசம், எடை கூடுதல் தொல்லை தரலாம். கோயிலுக்கு எடுத்தபோது ஒத்துக்கொண்டது என்பதற்காக வீட்டிலிருக்கும் மிச்சத்தை வைத்துத் தானாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே டையனோஜெஸ்ட் சாப்பிடுபவர்களுக்குத் தைப்பூசத்துக்காக இதைத் தனியாக வாங்கத் தேவையும் இருக்காது. வாங்கும் முன் சொல்லுங்கள்.

வலிப்பு நோய்க்குக் கார்பமாசபின், ஃபெனிட்டோயின் எடுப்பவர்களும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இவை ஹார்மோன் மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். கச்சிப் பாத்திமா, ஜாமு, நாட்டு மருந்துப் பொடி எதுவாக இருந்தாலும் பெயரைச் சொல்லுங்கள். கச்சிப் பாத்திமாவுக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற தன்மை உண்டு என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனை அடக்க ஒன்று, தூண்ட ஒன்று என்று சாப்பிடுவதில் என்ன பயன்? எந்தப் பொட்டலமாக இருந்தாலும் சுகாதார அமைச்சின் "எம்.ஏ.எல்." எனத் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் மூன்று மாதம்

இங்குதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். டையனோஜெஸ்ட், நோரெத்திஸ்டெரோன், தொடர் கலப்பு மாத்திரை எதுவானாலும் தொடக்கத்தில் எதிர்பாராத நாளில் கறை படும். பழுப்பாக இருக்கலாம், சில வாரம் நீளலாம். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம் இல்லை. உட்சவ்வு மெலிந்துகொண்டிருக்கிறது. நாளாக நாளாகக் கறை குறைந்து, பலருக்கு நின்றே போகும். மெல்லிய நாப்கின் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்புத் தாளில் எழுதுங்கள், நிறுத்தாதீர்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போனால் மட்டும் உடனே டாக்டரிடம்.

வலி ஒரே நாளில் போகாது. முதல் மாதம் பொன்ஸ்டானும் கூட வேண்டியிருக்கும். மூன்று மாதம் முடிந்து, பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். பத்துக்கு 8 என்றது 4 ஆகியிருந்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறது. 8 அப்படியே நின்றால் மாற்றச் சொல்லிக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

காத்திருக்கக்கூடாத ஒரு பக்கவிளைவும் உண்டு: மனச்சோர்வு. காரணமில்லாமல் அழுகை, எதிலும் பற்றில்லாமை, தூக்கமின்மை வந்தால் "ஹார்மோன் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், நமக்கு முன் அவர்கள்தான் கவனிப்பார்கள். முன்பே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மாத்திரையைப் பற்றி யோசிக்கும் நேரம் இல்லை அது. அரசாங்கத்தின் ஹீல் உதவி எண் 15555, அவசரம் என்றால் 999.

மாத்திரை போதாதபோது

ஹார்மோன் வளையம், மிரேனா என்று பலர் சொல்வது, கருப்பைக்குள் வைப்பது. 52 மி.கி. லெவோனோர்ஜெஸ்ட்ரலை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல விடும். தினமும் மாத்திரை நினைவில் நிற்காதவர்களுக்கும், கருப்பைத் தசையிலேயே நோய் உள்ளவர்களுக்கும் நல்ல தேர்வு. வைக்கும்போது வலிக்கும், முன்கூட்டியே வலி நிவாரணம் கேளுங்கள். சூலகம் இதில் முழு ஓய்வு எடுப்பதில்லை என்பதால் சாக்லேட் சிஸ்ட் உள்ளவர்கள் அதைப் பற்றியும் பேச வேண்டும்.

டெப்போ புரோவேரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. மலிவு. ஆனால் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது, கருத்தரிக்கும் திறன் திரும்பவும் மாதக்கணக்காகும். அடுத்த ஆண்டு பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

லூக்ரின், சோலாடெக்ஸ் போன்ற ஊசிகள் தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலைக்கு உடம்பைக் கொண்டுபோகும். லூக்ரின் 3.75 மி.கி. மாதம் ஒன்று, அல்லது 11.25 மி.கி. மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு வாரம் வலி கூடலாம். முதலில் ஹார்மோனை எகிற வைத்துத்தான் பிறகு அடக்குகிறது. அதை யாரும் சொல்லாமல் விட்டால் பெண்கள் பதறிப்போகிறார்கள். உடல் கொதிப்பு, வியர்வை, உறக்கக் குறைவு எல்லாம் வரும். எலும்பு தேயும் என்பதால் தனியாக ஆறு மாதத்துக்கு மேல் தருவதில்லை. குறைந்த அளவு ஹார்மோனைத் திருப்பித் தந்து எலும்பைக் காக்கும் சேர்க்கை மருந்து உண்டு. ஊசி எழுதும் டாக்டரிடம் "அந்தச் சேர்க்கை மருந்து எனக்கு உண்டா" என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், அத்துடன் முடிந்தது என்று ஹார்மோனை விட்டுவிடக்கூடாது. சிஸ்ட் எடுத்தபின், உடனே பிள்ளைக்கு முயற்சி செய்யாதவர்கள் 18 முதல் 24 மாதமாவது ஹார்மோன் வளையமோ கலப்பு மாத்திரையோ தொடர்ந்தால் மாதவிடாய் வலி திரும்பி வருவது குறைகிறது. பிள்ளைக்கு முயற்சி செய்பவர்களுக்கு எதிர்மாறு: மேலே சொன்ன ஹார்மோன் மருந்துகள் எதுவும் கருத்தரிக்க உதவாது, அந்தக் காலத்தில் அவை தேவையில்லை. வலிக்கு மட்டும் பார்த்துக்கொண்டு கருத்தரிப்பு மருத்துவரிடம் போகலாம்.

எல்லாம் செய்தும் மாதவிடாய் இல்லாத நாளிலும் வலி தங்கிவிட்டால், நரம்புகளே வலிக்குப் பழகிவிட்டிருக்கலாம். இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின், இடுப்புத் தசைக்கான பிசியோதெரபி ஆகியவை அப்போது உதவும். மனநோய் மருந்து தந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். அந்த அளவில் அது நரம்பு வலிக்கானது.

உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை: ஒரு பக்கத்தில் திடீரெனக் கத்தி குத்துவது போன்ற வலியும் வாந்தியும், மயக்கம், காய்ச்சலோடு அடிவயிற்று வலி, மாதவிடாய் தள்ளிப்போய் வலி, தார் போலக் கறுத்த மலம், ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல். வழக்கமான வலிதான் என்று பழகிப்போனவர்களே இவற்றைத் தாமதமாகக் கவனிக்கிறார்கள்.

காசு, விடுப்பு, காப்புறுதி

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். பார்த்து ஒப்பிடுங்கள், பொது மருந்து (ஜெனரிக்) வகை இருக்கிறதா என்று கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் எந்த ஹார்மோன் மருந்து கிடைக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். டாக்டர் எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

மெடிக்கல் கார்டு எடுக்காதவர்கள் கவனிக்க: இங்குள்ள பாலிசிகளில் குறிப்பிட்ட நோய்கள் என்றொரு பட்டியல் இருக்கும், முதல் 120 நாட்களுக்கு அவற்றுக்குப் பணம் கிடைக்காது. எண்டோமெட்ரியோசிஸ் வழக்கமாக அந்தப் பட்டியலில் வரும். பாலிசி எடுக்கும் முன்பே நோய் தெரிந்திருந்தால் அதை மறைத்துக் கையெழுத்திடாதீர்கள், பின்னால் முழுக் கோரிக்கையும் விழுந்துவிடும்.

தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மருத்துவ விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரை. மாதம் இரண்டு எம்.சி. என்றால் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும். சிறப்பு மருத்துவரிடம் நோயின் பெயரோடு ஒரு கடிதம் வாங்கி மனிதவளப் பிரிவில் கொடுத்து வைப்பது, ஒவ்வொரு மாதமும் விளக்கம் சொல்வதைக் குறைக்கும். கடிதம் தர வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

அரசாங்க மருத்துவமனை மருந்துகளை மாதாமாதம் அங்கேயே போய் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளும் முறை உண்டு, தபாலில் பெறும் வசதியும் பல இடங்களில் இருக்கிறது. மருந்துப் பிரிவு முகப்பில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். விடுமுறை நாளில் தைப்பிங்கிலோ சுங்கை பட்டாணியிலோ டையனோஜெஸ்ட் தேடி அலைந்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.